ஐம்பதா, எண்பதா: காது கேளாத தொழிலாளி ஒருவரின் நினைவும் ஓர் உள்விசாரணையும்

கொங்குப் பகுதியில் உள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நடந்த உள்விசாரணை பற்றிய பதிவு இது. காது கேளாத பெண் தொழிலாளி ஒருவர் மேற்பார்வையாளர் சொன்னதை மீறி வேலை செய்தார் என்பது குற்றச்சாட்டு. சைகை மொழிபெயர்ப்பாளராகவும் சிறப்பாசிரியராகவும் நான் இதில் பாதியில்தான் சேர்ந்தேன். தொழிலாளியின் சம்மதத்தோடும் நிறுவனத்தின் அனுமதியோடும் எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

காது கேளாதவர் ஓர் உரையாடலை எப்படி வாங்கிக்கொள்கிறார், மனதில் எப்படி வைத்திருக்கிறார், கேட்டால் எப்படித் திருப்பித் தருகிறார் என்பது விசாரிப்பவர்களுக்குத் தெரியாவிட்டால், உண்மை சொல்பவர்கூட மழுப்புகிறவர்போலத் தெரிவார். இங்கே அதுதான் நடந்தது. தொழிற்சாலை, காவல் நிலையம், பள்ளி என்று எங்கே காது கேளாதவரிடம் "என்ன பேசினார்கள்?" என்று கேட்க நேர்ந்தாலும் இந்த அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

பின்னணி

தொழிலாளிக்கு இருபதுகளின் பிற்பகுதி வயது. பிறவியிலேயே காது கேளாதவர். அப்பா, அம்மா, அண்ணன் மூவருக்கும் காது கேட்கும். விடுதியோடு கூடிய சிறப்புப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் அவருக்கு ஒரு முழுமையான மொழி கிடைத்தது. அதுவும் வகுப்பறையில் கிடைக்கவில்லை. வகுப்பில் ஆசிரியரின் உதட்டைப் பார்க்கச் சொன்னார்கள், வாய்விட்டுப் பேசப் பழக்கினார்கள். சைகை மொழியை அவர் கற்றது விடுதியில், மூத்த மாணவிகளிடம். 1880இல் காது கேளாதோர் கல்வி பற்றிக் கூடிய மிலான் மாநாடு, சைகையைவிடப் பேச்சுவழிக் கல்விதான் மேலானது என்று தீர்மானம் போட்டதன் நிழல் இத்தனை தூரம், இத்தனை காலம் நீண்டிருக்கிறது. டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015இல்தான் தொடங்கியது. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வந்து, 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. இவர் பள்ளியை முடித்தபோது இவை எதுவும் கிடையாது.

இன்று அவர் நாலு விதமாகப் பேசுகிறார். தோழிகளோடு சைகை மொழி, பெரும்பாலும் காணொளி அழைப்பில். அம்மாவோடு வீட்டிலேயே உருவான சைகைகளும் உதட்டசைவும். அண்ணனோடு வாட்ஸ்அப்பில் சின்னச் சின்னத் தமிழ் வரிகள். தொழிற்சாலையில் உதட்டைப் படிப்பது, விரலில் எண் காட்டுவது, பொருளையே தூக்கிக் காட்டுவது. எழுத்துத் தமிழ் அவருக்கு இரண்டாவது மொழி. சொற்கள் நிறையத் தெரியும். வினைமுற்றும் வேற்றுமை உருபும் அடிக்கடி விடுபட்டுப் போகும்.

பேக்கிங் பிரிவில் பல வருடங்களாக இருக்கிறார். வேலையில் அதுவரை எந்தப் புகாரும் இல்லை.

அன்று மாலை

மறுநாள் ஷிப்மெண்ட். அந்த நிறுவனத்தில் பெரியவர்களுக்கான டீ-சர்ட் என்றால் ஒரு அட்டைப்பெட்டிக்கு 50 பீஸ், குழந்தைகளுக்கானது என்றால் 80 பீஸ் என்பது வழக்கம். அன்று வந்த லாட் இரண்டுக்கும் இடைப்பட்ட சைஸ். எத்தனை வைப்பது என்பதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

மேற்பார்வையாளர் வந்து சொன்னார். தொழிலாளி தலையாட்டிவிட்டுப் பெட்டிக்கு 50 என்று கட்டத் தொடங்கினார். இரவு சரக்கைச் சரிபார்த்தபோது 80 இருக்க வேண்டிய பெட்டிகளில் 50தான் இருந்தது. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினார்கள். இரவே கிளம்ப வேண்டிய தூத்துக்குடி லாரி மறுநாள் மதியம்தான் கிளம்பியது.

இரண்டு நாளில் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. தொழிலாளி கைப்பட எழுதிய பதில் இது: "சூப்பர்வைசர் எண்பது சொல்லு இல்லை ஐம்பது சொல்லு நான் பெட்டி காட்டு சரி சொல்லு". அவர் எழுத நினைத்தது, 'சூப்பர்வைசர் எண்பது என்று சொல்லவில்லை, ஐம்பது என்றுதான் சொன்னார். நான் பெட்டியைக் காட்டினேன். சரி என்றார்' என்பது. அலுவலகத்தில் இதை, 'எண்பது சொன்னார், இல்லையில்லை, ஐம்பது சொன்னார்' என்று தடுமாறும் ஆளின் வாக்குமூலமாகப் படித்தார்கள். சந்தேகம் இந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்பியது.

முதல் விசாரணை

பக்கத்து மேசையில் வேலை செய்யும் ஒரு பெண், "எனக்கு அவ சைகை புரியும்" என்றதால் அவரையே மொழிபெயர்க்க உட்கார வைத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் அவர் வந்தார். ஆனால் அவரும் அதே மேற்பார்வையாளரின் கீழ் வேலை செய்பவர்.

விசாரணை அதிகாரி கேட்டது இது: "அவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே, ஒரு வார்த்தை விடாம சொல்லச் சொல்லும்மா."

தொழிலாளி கொஞ்ச நேரம் கைகளாலும் உடம்பாலும் முகத்தாலும் பதில் சொன்னார். பக்கத்து மேசைப் பெண் பார்த்துவிட்டு, "அவளுக்குச் சரியா ஞாபகம் இல்லைங்க சார்" என்றார். பதிவேட்டில், "சம்பவத்தன்று நடந்த உரையாடல் தனக்குச் சரியாக நினைவில்லை எனத் தொழிலாளி தெரிவித்தார்" என்று ஏறியது. கீழே கையெழுத்து வாங்கினார்கள்.

அந்த அறையில் இருந்த இளம் ஹெச்.ஆர். அலுவலர் ஒருவர் இதைத் தன் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். யாரும் கேட்டு அவர் செய்யவில்லை. அந்தத் துண்டு இல்லாவிட்டால் இந்த ஆய்வுக்கே இடமிருந்திருக்காது.

தொழிலாளியின் அண்ணன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கிறார். அங்கிருந்து என் எண் கிடைத்து, நிறுவனத்தின் ஹெச்.ஆர். மேலாளர் என்னை அழைத்தார்.

காணொளியில் கண்டது

ஒலியை நிறுத்திவிட்டு அந்தத் துண்டைப் பார்த்தேன். நினைவில்லாத ஆள் அதில் இல்லை.

முதலில் மேசையை வரைந்தார், தனக்கு முன்னால் காற்றில். தான் நின்ற பக்கம், மேற்பார்வையாளர் வந்து நின்ற பக்கம் இரண்டையும் குறித்தார். பிறகு தோளை லேசாகத் திருப்பி, மேற்பார்வையாளராகவே மாறினார். ஒரு கை காதோரம் போனது, அதாவது அவர் போனில் இருந்தார். பார்வை வேறு எங்கோ. ஒரு கணம் முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, வாயை அசைத்து, சொன்ன எண்ணைத் தன் சைகையில் 5, 0 என்று தந்தார். மறுபடி முகம் போன் பக்கம். அடுத்து தானாக மாறினார். பெட்டியைத் தூக்கிச் சாய்த்தார், உள்ளே பீஸ்கள் ஒரு பக்கமாகச் சரிவதைக் காட்டினார், புருவத்தை உயர்த்திக் கேள்வி கேட்டார். திரும்பவும் மேற்பார்வையாளராகி, போனைக் காதிலிருந்து எடுக்காமலே தலையாட்டினார்.

யார், எங்கே, எந்த நிலையில், என்ன சொன்னார், நான் என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, எல்லாம் அதில் இருந்தது. பல சாட்சிகள் வாயால் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலங்களில் இத்தனை விவரம் இருப்பதில்லை.

சைகை மொழிகளில் ஒருவர் பேசியதைச் சொல்ல இதுதான் இயல்பான வழி. சொல்பவர் தோளையும் பார்வையையும் மாற்றி அந்த ஆளின் இடத்தில் நின்று பேசுவார். நாம் தமிழில் 'என்று சொன்னார்' என்பதைக்கொண்டு செய்கிற இலக்கண வேலையை அங்கே உடம்பின் திருப்பம் செய்கிறது. தெரியாதவர் கண்ணுக்கு இது நடிப்பாகத் தெரியும். 'வார்த்தையைச் சொல்லாமல் என்னவோ செய்து காட்டுகிறாள்' என்று தோன்றும். பக்கத்து மேசைப் பெண்ணுக்குச் 'சாப்பாடு', 'டீ', 'நாளை லீவு' போன்ற சைகைகள் தெரியும். இந்த இலக்கணம் தெரியாது. கேட்டது ஒரு வார்த்தை, வந்தது ஒரு காட்சி. அதை அவர் 'ஞாபகம் இல்லை' என்று சுருக்கிவிட்டார்.

'அப்படியே சொல்' என்ற கேள்வியே காது கேட்பவர்களிடமும் நியாயமில்லாதது. 1967இல் ஜாக்குலின் சாக்ஸ் செய்த சோதனையில், கதை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரு வாக்கியத்தின் சொல்லமைப்பைச் சில நொடிகளிலேயே இழந்தார்கள். பொருள் மட்டும் தங்கியது. 1982இல் விக்கி ஹேன்சனும் உர்சுலா பெலூகியும் அமெரிக்கச் சைகை மொழி வாக்கியங்களை வைத்துப் பார்த்தபோதும் அதே போக்குதான். வடிவம் மறைகிறது, பொருள் நிற்கிறது. இதில் காது கேட்பவருக்கும் கேளாதவருக்கும் வித்தியாசமில்லை. ஆனால் காது கேட்பவர் தன் நினைவிலிருந்து ஒரு தமிழ் வாக்கியத்தைப் புதிதாகக் கட்டி, 'அப்படியே சொன்னார்' என்று கூசாமல் சொல்ல முடியும், நாமும் நம்புவோம். மேற்பார்வையாளரும் அதைத்தான் செய்தார்: "பாப்பா, இது எம்பது எம்பதா கட்டணும்னு தெளிவா சொன்னேனுங்க." அந்த வாக்கியத்தை யாரும் சோதிக்கவில்லை.

எந்த மொழியில் நினைக்கிறார்

மேலாளருக்கு ஒரு கேள்வி இருந்தது. "இவங்க எந்த மொழியிலங்க யோசிப்பாங்க?" ஆர்வமாகத்தான் கேட்டார். பதிலை நான் சொல்வதைவிட அவரிடமே கேட்கலாம் என்று சொல்லி மொழிபெயர்த்தேன்.

தொழிலாளி சொன்னதன் சாரம்: தோழிகளோடு பேசியதை நினைத்தால் கைகளும் முகங்களும் வருகின்றன. தனியாக ஏதாவது திட்டமிடும்போது தன் கைகளே உள்ளுக்குள் அசைவதுபோல இருக்கும், சில சமயம் நிஜமாகவே விரல்கள் அசைந்துவிடும். கடைப் பெயரோ ஊர்ப் பெயரோ என்றால் பலகையில் எழுதியிருப்பதுபோல எழுத்தாக வரும். அம்மா சொன்னதை நினைத்தால் அம்மாவின் முகம் வரும், சொன்ன விஷயம் வரும். ஆனால் அதை அம்மா கையால் சொன்னாரா, வாயால் சொன்னாரா என்று கேட்டால் தெரியாது.

இது இவருடைய பதில், எல்லாக் காது கேளாதவர்களுக்குமானது இல்லை. சிறு வயதிலிருந்து பேச்சுப் பயிற்சி பெற்றவர்கள், வளர்ந்த பின் கேட்கும் திறனை இழந்தவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். சிலருக்குள் வாய் அசையும், சிலருக்குள் பழைய குரல்கள் இருக்கும். எனக்கு முக்கியமாகப் பட்டது அவர் பதிலின் கடைசிப் பகுதி. விஷயம் நினைவிருக்கும், வந்த வழி நினைவிருக்காமல் போகலாம். அப்படியானால் 50 என்ற எண் எந்த வழியாக வந்தது என்பதைத் தனியாக, கவனமாகக் கேட்க வேண்டும். 'தெரியாது' என்று சொல்லவும் அவருக்கு இடம் விட வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் விசாரணையைச் செல்லாததாகக் கருதி, தொடக்கத்திலிருந்து நடத்த வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். மேலாளர் தயங்கினார். உள்விசாரணை நீதிமன்றம் இல்லையே, இவ்வளவு தேவையா என்றார். நீதிமன்றத்துக்கே சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்துக் காட்டினேன். பேச இயலாத சாட்சி எழுத்திலோ சைகையிலோ சாட்சியம் தரலாம், அப்போது மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் உதவியைப் பெற வேண்டும், காணொளியாகப் பதிய வேண்டும் என்பது 2013 திருத்தத்தில் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவில் சேர்ந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் அது 125ஆம் பிரிவு. 2012இல் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், மொழிபெயர்ப்பவர் சாட்சியின் சூழலைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், ஆனால் வழக்கில் அக்கறை உள்ளவராக இருக்கக் கூடாது என்றது. மொழிபெயர்ப்பை மட்டும் எழுதினால் போதாது, சைகைகளையும் பதிய வேண்டும் என்றும் சொன்னது. இவற்றை ஒரு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள மேலாளர் ஒத்துக்கொண்டார்.

கேட்கும் முறையையும் மாற்றினோம். முதலில் எந்தக் கேள்வியும் இல்லாமல், அன்று மாலை நடந்ததை அவர் தன் போக்கில் சொல்லட்டும். இடையில் யாரும் குறுக்கிடக் கூடாது. காரணம், இப்படிக் காட்சியாக விரியும் நினைவை நடுவில் வெட்டினால் யார் எங்கே நின்றார் என்ற அமைப்பே கலைந்துவிடும். கேமராவில் முகம், இரு கைகள், இடுப்புவரை உடம்பு எல்லாம் விழ வேண்டும். புருவமும் தோளும் இல்லாத சைகை மொழிப் பதிவு பாதிப் பதிவுதான். பேக்கிங் மேசையின் வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டோம்.

அப்புறம், 'ஆமாம், இல்லை' கேள்விகளைத் தவிர்க்கச் சொன்னேன். காது கேட்பவர்களோடு வாழும் காது கேளாதவர்களில் பலருக்குத் தலையாட்டும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. 'பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்' என்பதற்கும் தலையாட்டுவார்கள். புரியாதபோது மறுபடி மறுபடி கேட்டு எரிச்சலை வாங்கிக்கட்டிக்கொள்ள விரும்பாமலும் தலையாட்டுவார்கள். அன்று மாலை அவர் தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதும் இதே கோளாறுதான்.

கேள்விகளை மூன்றாகப் பிரித்தோம்: என்ன பார்த்தீர்கள், அதிலிருந்து என்ன புரிந்துகொண்டீர்கள், என்ன செய்தீர்கள். உதட்டைப் படிப்பவருக்கு முதல் இரண்டும் வேறு வேறு என்று நன்றாகவே தெரியும். கேட்பவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

தொழிலாளியின் உதடு படிக்கும் திறனைச் சோதிக்கலாம் என்று விசாரணை அதிகாரி யோசனை சொன்னார். நான் மறுத்தேன். அமைதியான அறையில், எதிரில் உட்கார்ந்து, நேராகப் பார்த்துச் சொல்லும் எண்ணை அவர் சரியாகப் படித்தாலும் அன்றைய மாலை பற்றி அது எதையும் சொல்லாது. தவறாகப் படித்தாலோ அவருக்கு இன்னொரு அவமானம். சோதிக்க வேண்டியது செய்தி போன வழியைத்தான்.

பேக்கிங் பகுதியின் கண்காணிப்புக் கேமராப் பதிவு இன்னும் அழியாமல் இருந்தது. ஒலி இல்லாதது. அவர் சொல்லி முடிக்கும்வரை அதை அவருக்கோ எனக்கோ காட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

இரண்டாம் விசாரணை

அவர் சொன்னது முன்பு கைபேசியில் பதிந்திருந்ததோடு பொருந்தியது. கூடுதலாக ஒன்று வந்தது. 'என்ன பார்த்தீர்கள்?' என்றதற்கு, எண்ணை உதட்டில் மட்டும் பார்த்தேன், விரலில் காட்டவில்லை என்றார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் பேப்பர் கட்டு, அதனால் விரல் காட்ட வழியில்லை என்று அந்தக் கைகளையும் காட்டினார். 50 என்பதில் எவ்வளவு உறுதி என்று கேட்டபோது, முழு உறுதி என்றார்.

அடுத்து, மேற்பார்வையாளர் குரல் எழுப்பாமல் சில எண்களைச் சொல்ல, விசாரணைக் குழுவில் இருந்த காது கேட்பவர்கள் பேக்கிங் மேசையின் தூரத்திலிருந்து உதட்டைப் பார்த்து எழுதினார்கள். முப்பதையும் நாற்பதையும் ஓரளவு பிடித்தார்கள். 'அம்பது', 'எம்பது' வந்ததும் ஆளுக்கொன்று எழுதினார்கள். பேச்சில் இரண்டுக்கும் முதல் உயிரெழுத்து மட்டும்தான் வேறு. அதன் பிறகு உதடு மூடித் திறப்பது அச்சாக ஒன்றே. போனில் விலை பேசும்போது காது கேட்பவர்களே இந்த இரண்டில் தடுமாறி, "அஞ்சு சைபரா, எட்டு சைபரா?" என்று கேட்டுக்கொள்வது உண்டு. பக்கவாட்டில் திரும்பிய முகத்தில் அந்த முதல் எழுத்து என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

கேமராப் பதிவு கடைசியில் பார்க்கப்பட்டது. மேற்பார்வையாளர் போனோடு வருகிறார், சில நொடி முகத்தைத் திருப்புகிறார், தொழிலாளி தலையாட்டுகிறார். பிறகு ஒரு பெட்டியைத் தூக்கிச் சாய்த்துக் காட்டுகிறார். மேற்பார்வையாளர் போனில் இருந்தபடியே தலையாட்டிவிட்டு நகர்கிறார். இன்னொரு கையில் பேப்பர் கட்டு இருந்தது.

நினைவு எங்கே சரி, எங்கே பிசகு

ஒரு விஷயம் பொருந்தவில்லை. பக்கத்து மேசைப் பெண் டீ குடிக்கப் போவதற்கு முன்பே தான் பெட்டியைக் காட்டியதாகத் தொழிலாளி சொன்னார். பதிவில் அவர் போன பிறகுதான் காட்டுகிறார். விசாரணை அதிகாரி இதைப் பிடித்துக்கொண்டார்.

வரிசையை நினைவில் வைப்பதில் சைகை மொழிக்காரர்களுக்கு வேறுபாடு உண்டு என்று ஆய்வுகள் சொல்வது உண்மை. 2004இல் டாஃப்னே பவேலியர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து காட்டியவற்றை அதே வரிசையில் திருப்பிச் சொல்வதில் காது கேட்பவர்கள் ஏழு உருப்படி அளவிலும், சைகை மொழிக்காரர்கள் ஐந்து உருப்படி அளவிலும் நின்றார்கள். வரிசையை வற்புறுத்தாமல், வாக்கியம் அமைத்துக்கொண்டே நினைவுகூரச் சொன்ன சோதனையில் இருவரும் சமம். ஆனால் அது சில நொடி நினைவு பற்றிய ஆய்வு. சில வாரத்துக்கு முந்தைய மாலையைப் பற்றி அதை வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது, எந்தப் பக்கத்துக்கும். யாருக்கும் நேரக்கூடிய சாதாரண முன்பின் மாற்றம் இது. மேற்பார்வையாளர், தான் போனில் பேசவே இல்லை என்று முதலில் சொல்லியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பதியச் சொன்னேன்.

எனக்கு அதிகம் யோசனை தந்தது அவருடைய 'முழு உறுதி'. மங்கலாகப் பார்த்த ஓர் உதட்டசைவில் இத்தனை உறுதி எப்படி வந்தது?

1975இல் பெலூகியும் எட்வர்ட் கிளிமாவும் பட்ரீஷியா சைப்பிலும் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவுகிறது. சொற்பட்டியலைக் காதால் கேட்டவர்கள் நினைவுகூர்வதில் செய்த பிழைகள் ஒலியை ஒட்டியிருந்தன, ஓட்டுக்கான 'வோட்' படகுக்கான 'போட்' ஆனது. அதே பட்டியலைச் சைகையில் பார்த்தவர்களின் பிழைகள் கையின் வடிவத்தை ஒட்டியிருந்தன. அவர்களுக்கு 'ஓட்டு' போய்த் 'தேநீர்' வந்தது, அமெரிக்கச் சைகை மொழியில் இரண்டும் கையில் ஏறக்குறைய ஒன்றுபோல. அதாவது சைகை மொழிக்காரரின் நினைவில் சொல் கையின் வடிவமாகத் தங்குகிறது.

இங்கே நடந்ததாக நான் கருதுவது இது. ஐம்பதும் எண்பதும் உதட்டில் ஒன்றுபோல. கையில் 5க்கும் 8க்கும் குழப்பமே இல்லை. உதட்டில் கண்டதை அவர் அந்தக் கணமே 5, 0 என்று கைக்கு மாற்றிக்கொண்டார். மங்கல் உதட்டோடு போய்விட்டது, நினைவில் தெளிவான ஓர் எண் மட்டும் தங்கியது. பிறகு எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அந்தத் தெளிவான எண்தான் வரும். அவருடைய உறுதி நேர்மையானது. அதே சமயம், மேற்பார்வையாளர் 50 என்று சொன்னார் என்பதற்கு அந்த உறுதி சாட்சியாகாது. இந்த இரண்டையும் அறிக்கையில் எழுதினேன். இரண்டாவதை எழுதுவது எனக்கு எளிதாக இருக்கவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் நான் மொழிபெயர்ப்பாளராக இல்லாமல் கட்சிக்காரராகியிருப்பேன்.

முடிவு

மேற்பார்வையாளர் 80 என்று சொல்லியிருக்கவே வாய்ப்பு அதிகம், தொழிலாளிக்கு வந்து சேர்ந்தது 50, அதைச் சரிபார்க்க அவர் செய்த முயற்சிக்குக் கவனமில்லாத பதில் கிடைத்தது என்று விசாரணை அதிகாரி முடிவெழுதினார். கட்டளையை மீறினார் என்ற குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. மேற்பார்வையாளர் மீதும் நடவடிக்கை இல்லை.

தொழிலாளி ஒன்றை வற்புறுத்திக் கேட்டார். குற்றச்சாட்டைவிட அவரை வருத்தியது 'நினைவில்லை' என்ற வரி. "எனக்கு நினைவிருந்தது. நான் சொன்னேன். அவர்கள் பார்க்கவில்லை" என்றார். பழைய பதிவை நீக்க முடியாது என்றது நிர்வாகம். அதன் ஓரத்தில், இந்த வரி பிழையான மொழிபெயர்ப்பு, சரியான வாக்குமூலம் காணொளியில் உள்ளது என்று குறிப்பு எழுதிக் கையொப்பமிட்டார்கள்.

அதன் பிறகு

பேக்கிங் பிரிவில் எண்களை இப்போது பேச்சில் மட்டும் சொல்வதில்லை. பேக்கிங் லிஸ்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், மேசையில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. காது கேட்கும் தொழிலாளிகளுக்கும் இதனால் குழப்பம் குறைந்ததாக மேலாளர் சொன்னார்.

இன்னொரு விளைவும் உண்டு. மேற்பார்வையாளர் அதற்குப் பிறகு அந்தத் தொழிலாளியிடம் நேரில் பேசுவதையே விட்டுவிட்டார். எல்லாம் செய்தியில்தான். முன்பு வழியில் பார்த்தால், "சாப்பிட்டியா பாப்பா?" என்று கையால் கேட்பாராம். அது நின்றுபோனது தொழிலாளிக்கு வருத்தம். பிரச்சினை தீர்ந்தது என்று கோப்பை மூடிய இடத்தில் இது யார் கண்ணிலும் படவில்லை. நானும் அடுத்த முறை அவரைச் சந்தித்தபோதுதான் கேள்விப்பட்டேன்.

மாற்ற வேண்டியவை

மொழிபெயர்ப்பாளரை முதல் நாளே அழைத்திருக்க வேண்டும். கொங்கு மாவட்டங்களில் பயிற்சி பெற்றவர்கள் மிகக் குறைவு என்பதால் உடனே கிடைக்காமல் போகலாம். அப்படியானால் விசாரணையைத் தள்ளி வைக்கலாம், அல்லது காணொளி அழைப்பில் ஒருவரைச் சேர்க்கலாம். இரண்டும் முடியாதபோது குறைந்தபட்சம் அவர் சைகையில் சொல்வதை முழுவதுமாகப் படம் பிடித்து வைத்தால், பின்னால் தெரிந்தவர் பார்த்துப் புரிந்துகொள்ள வழி இருக்கும்.

எழுத்து விளக்கம் கேட்பதோடு காணொளி விளக்கத்தையும் ஏற்க வேண்டும். இரண்டாவது மொழியில் எழுதிய ஒரு வரியை வைத்து ஒருவரின் நினைவையும் நேர்மையையும் எடைபோடக் கூடாது.

இத்தகைய விசாரணைகளில் உள்ளூர்ச் சங்கத்திலிருந்து காது கேளாத பெரியவர் ஒருவரையும் என்னோடு உட்கார வைக்கும்படி கேட்கத் தொடங்கியிருக்கிறேன். பள்ளிக்குப் பள்ளி, ஊருக்கு ஊர் சைகைகள் மாறும். சில இடங்களில் நான் யோசித்து எட்டுவதை அவர்கள் பார்த்ததும் பிடித்துவிடுவார்கள்.

விசாரணை முடிந்தபின் இரு தரப்பையும் ஒருமுறை நேரில் உட்கார வைத்து, இனி எப்படிப் பேசிக்கொள்ளலாம் என்று கேட்பதையும் நடைமுறையில் சேர்க்க வேண்டும். அந்த நிறுவனத்தில் இதை இப்போது ஹெச்.ஆர். மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.